பாரம் ஏற்றும் முன்

உரைநடைப் பாடம்

நுழையும் முன்

பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நம்முள் பலர். வீடு மாறும்போது உடைகளும் புத்தகங்களும் பாத்திரங்களும் எளிதில் பெட்டிக்குள் அடங்கிவிடும். சில பொருள்கள் அவ்வாறு அடங்குவதில்லை. அவை உருவத்தில் பெரியவை, எடையில் மிகுந்தவை, உள்ளே மென்மையான உறுப்புகளைக் கொண்டவை. பெரிய ஒலிபெருக்கி அத்தகைய பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதனைத் தொலைதூரம் அனுப்ப எந்தப் போக்குவரத்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஒரு சூழல்

மதுரையில் வாழும் தாத்தா ஒருவர், நாகபுரியில் பணிபுரியும் மகன் வீட்டிற்குக் குடிபெயர்கிறார் என வைத்துக்கொள்வோம். அவரிடம் இசை கேட்பதற்கென்றே பல்லாண்டுகளுக்கு முன் வாங்கிய இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள் உள்ளன. அவற்றைப் போன்ற புதிய இணையை வாங்க இன்று 90,000 ரூபாய் ஆகும். அவர் விரும்பிக் கேட்டுப் பழகிய அந்த இணையே மீண்டும் கிடைக்க வேண்டுமெனில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காது. பொதிந்தபின் ஒவ்வொரு பெட்டியும் 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் 45 கிலோகிராம் எடையும் உடையது. மதுரையிலிருந்து நாகபுரிக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, மகாராட்டிரம் என ஐந்து மாநிலங்களைக் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இவ்விரு நகரங்களையும் இணைக்கிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பொருளை அனுப்பும் முன் அது எதனால் கெடும் என்பதை அறிதல் வேண்டும். ஒலிபெருக்கியின் முகப்பில் தாளாலோ வேறு மெல்லிய பொருளாலோ ஆன கூம்பு உள்ளது. அதன் பின்புறம் கம்பிச்சுருள் ஒன்று, கனத்த காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் எதனையும் தொடாமல் முன்னும் பின்னும் அசைகிறது. அவ்வசைவே நம் செவிக்கு ஒலியாக வருகிறது. பெட்டி கீழே விழுந்தால் கனத்த காந்தம் தன் இடத்தைவிட்டுச் சற்றே நகரக்கூடும். நகர்ந்தால் கம்பிச்சுருள் காந்தத்தின் மீது உரசும், ஒலி கெடும். வெளியே ஒரு கீறலும் இல்லாத பெட்டிக்குள்ளும் இக்கேடு நிகழலாம்.

சரக்குந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். 45 கிலோகிராம் எடையுள்ள பெட்டி அங்கிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் ஆற்றல் 45 × 9.8 × 1 = 441 ஜூல். ஒரு கிலோகிராம் கல் 45 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலும் இதுவே. ஒருமுறை கை நழுவினாலே இத்தகைய அடி விழும். ஆகவே, பெட்டியை எத்தனை முறை இறக்கி ஏற்றுவார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினாவாகும்.

எடையும் பருமனும்

கட்டணம் எடையைக் கொண்டு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. பஞ்சு மூட்டை எடையில் குறைவு. ஆயினும் வண்டியில் பெரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே நிறுவனங்கள் மெய்யெடையையும் பருமனெடையையும் ஒப்பிட்டு, எது மிகுதியோ அதற்கே கட்டணம் பெறுகின்றன.

கூரியர் நிறுவனங்கள் பல, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வரும் தொகையை 5,000 ஆல் வகுத்துப் பருமனெடையைக் காண்கின்றன. விமானச் சரக்குக்கு 6,000 ஆல் வகுப்பது வழக்கம். நம் பெட்டியின் பருமன் 120 × 60 × 50 = 3,60,000 கன சென்டிமீட்டர். அதனை 5,000 ஆல் வகுத்தால் 72. தராசில் 45 கிலோகிராம் காட்டும் பெட்டிக்கு 72 கிலோகிராமுக்கான கட்டணம் செலுத்த நேரிடும். சாலைவழிச் சரக்கில் ஒரு கன அடிக்கு இத்தனை கிலோகிராம் என ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் கணக்கு வைத்துள்ளது. அக்கணக்கைக் கேட்டறியாமல் இரு நிறுவனங்களின் விலையை ஒப்பிடுதல் பொருந்தாது.

நால்வகை வழிகள்

முதலாவது, பகுதிச் சுமை. பார்சல் சர்வீஸ் என மக்கள் வழங்குவது இதுவே. பலருடைய சரக்குகளை ஒரே வண்டியில் ஏற்றுவர். கட்டணம் குறைவு. ஆனால் நம் பெட்டி ஓர் ஊரின் கிடங்கில் இறக்கப்பட்டு, வேறு வண்டியில் ஏற்றப்பட்டு, மீண்டும் மற்றோர் ஊரில் இறக்கப்படும்.

இரண்டாவது, முழுச் சுமை. ஒரு வண்டியை நமக்கென்றே அமர்த்திக்கொள்வது. மதுரையில் ஏற்றிய பெட்டி நாகபுரியில்தான் இறங்கும். கைமாற்றம் மிகக் குறைவு. கட்டணம் மிக அதிகம். சரக்கை இறக்கிவிட்டுச் சொந்த ஊர் திரும்பும் வண்டி கிடைத்தால் வாடகை குறையும். இதனை 'ரிட்டன் லோடு' என்பர். நாமக்கல், சங்ககிரி பகுதிகளின் சரக்குந்துகள் நாடு முழுவதும் செல்வதால், வடக்கிலும் தெற்கிலும் இவ்வாய்ப்பு உண்டு. எனினும் வண்டி கிடைக்கும் நாளை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இயலாது.

மூன்றாவது, தொடர்வண்டிப் பார்சல். கன்னியாகுமரியிலிருந்து தில்லிக்குச் செல்லும் திருக்குறள் விரைவு வண்டி மதுரை வழியாகவும் நாகபுரி வழியாகவும் செல்கிறது. ஒரே வண்டியில் செல்லும் பார்சலுக்கு இடைமாற்றம் இல்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் வழிநிலையங்களில் வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் கனத்த பெட்டியை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். விரைவு மிகும் இடத்தில் பதமான கையாளல் குறையும். வீட்டிலிருந்து நிலையத்திற்கும் நிலையத்திலிருந்து வீட்டிற்கும் டெம்போ வாடகை தனி.

நான்காவது, விமானம். விரைவானது, பருமனெடையால் செலவு மிக்கது. ஒலிபெருக்கிக்கு இதில் மற்றொரு தடையும் உண்டு. வலிய காந்தம் விமானத்தின் திசைகாட்டியைப் பாதிக்கக்கூடும். பொதிந்த பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தொலைவில் காந்தப்புலம் குறித்த அளவை மீறினால், அது விமானப் போக்குவரத்தில் காந்தப் பொருளாகக் கருதப்பட்டுத் தனி விதிகளுக்கு உட்படும். காந்தப் பொருளுக்கு ஐக்கிய நாடுகள் அவையின் பட்டியலில் 2807 என்னும் எண் வழங்கப்பட்டுள்ளது. எனவே பெட்டிக்குள் காந்தம் இருப்பதை மறைக்காமல் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

மூன்று விலைப்புள்ளிகள்

தாத்தா மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெறுகிறார். இவை பயிற்சிக்காக அமைத்த கற்பனைத் தொகைகள்.

அ நிறுவனம்: பகுதிச் சுமை. கட்டணம் 3,000 ரூபாய். பெங்களூரு, ஐதராபாத் ஆகிய இரு கிடங்குகளில் இறக்கி ஏற்றுவர். நாகபுரிக் கிடங்கிற்குச் சென்று நாமே பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஆ நிறுவனம்: பகுதிச் சுமை. கட்டணம் 5,500 ரூபாய். பெங்களூருவில் மட்டும் வண்டி மாறும். வீட்டு வாசலில் ஒப்படைப்பர். மேலும் 1,500 ரூபாய் செலுத்தினால், அறிவித்த மதிப்பு முழுவதற்கும் பொறுப்பேற்பர்.

இ நிறுவனம்: தனி வண்டி. வாடகை 38,000 ரூபாய். வழியில் இறக்குவதில்லை.

அ நிறுவனத்தின் அலுவலகத்தில் நிகழும் உரையாடல் வருமாறு:

எழுத்தர்: இரண்டு பெட்டிதானே ஐயா? மூவாயிரம் ரூபாய். பத்திரமாகப் போய்ச் சேரும்.

தாத்தா: வழியில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவீர்கள், தம்பி?

எழுத்தர்: இரண்டு இடத்தில் வண்டி மாறும் ஐயா. இது எல்லாருக்கும் உள்ளதுதான்.

தாத்தா: பெட்டி சேதமானால் யார் பொறுப்பு?

எழுத்தர்: 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று போட்டுத்தான் ரசீது தருவோம் ஐயா.

தாத்தா: அப்படியானால் வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன், தம்பி.

எழுத்தர் பொய் ஏதும் கூறவில்லை. கேட்ட வினாக்களுக்கு நேர்மையாகவே விடை தந்தார். 'பத்திரமாகப் போய்ச் சேரும்' என்பது நம்பிக்கை; 'யார் பொறுப்பு' என்பது ஒப்பந்தம். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பொறுப்பு யாருடையது?

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தைப் பற்றிய சட்டம் 2007 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2011 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1865 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பழைய சட்டத்தின் இடத்தை இது பெற்றது. இச்சட்டத்தின்படி, பொதுமக்களின் சரக்கை ஏற்றிச் செல்லும் நிறுவனம் பதிவுச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். அனுப்புநர் தம் பொருளின் விவரத்தையும் மதிப்பையும் சரக்குக் குறிப்பில் எழுதித் தருகிறார். நிறுவனம் சரக்கு ரசீது தருகிறது. இந்த ரசீதைத் தமிழ்நாட்டில் 'எல்.ஆர்.' என்றும், வட இந்தியாவில் 'பில்ட்டி' என்றும் வழங்குவர்.

பொருள் தொலைந்தாலோ சேதமுற்றாலோ நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. செலுத்திய கட்டணத்தின் பத்து மடங்கே அவ்வரம்பு. அத்தொகையும் நாம் அறிவித்த மதிப்பைத் தாண்டக்கூடாது. கூடுதல் பொறுப்பை ஏற்பதற்கென நிறுவனம் வரையறுத்த மிகுதிக் கட்டணத்தைச் செலுத்த நாம் ஒப்புக்கொண்டால் இந்தப் பத்து மடங்கு வரம்பு பொருந்தாது.

இவ்விதியை நம் சூழலில் பொருத்திப் பார்ப்போம். அ நிறுவனத்தின் கட்டணம் 3,000 ரூபாய். அதன் பத்து மடங்கு 30,000 ரூபாய். இரு பெட்டிகளும் அடியோடு பாழாயினும் அதற்கு மேல் பெற வழியில்லை. 60,000 ரூபாய் இழப்பு நம்முடையது. 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று ரசீதில் இருப்பதால் அந்த 30,000 ரூபாயைப் பெறுவதற்கும் வாதாட வேண்டியிருக்கும். ஆ நிறுவனத்தில் வரம்பு 55,000 ரூபாய். மிகுதிக் கட்டணம் செலுத்தினால் 90,000 ரூபாய் முழுவதற்கும் பொறுப்பு உண்டு. இ நிறுவனத்தில் பத்து மடங்கு 3,80,000 ரூபாய் ஆயினும், அறிவித்த மதிப்பாகிய 90,000 ரூபாய்க்கு மேல் பெற இயலாது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. கட்டணம் குறையும்போது நம் செலவு மட்டும் குறைவதில்லை. நிறுவனத்தின் பொறுப்பும் உடன் குறைகிறது. கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பொருளின் மதிப்பைக் குறைத்து எழுதினாலும் விளைவு இதுவே. 20,000 ரூபாய் என்று எழுதியவர் பின்னர் 90,000 ரூபாய் கேட்க இயலாது.

இனி மொத்தச் செலவைக் காண்போம். அ நிறுவனத்தின் 3,000 ரூபாயுடன், நாகபுரிக் கிடங்கிலிருந்து வீட்டிற்கு டெம்போ வாடகையும் இறக்குகூலியும் 1,200 ரூபாய் சேர்ந்தால் 4,200 ரூபாய். இறக்குகூலியை அப்பகுதியில் 'ஹமாலி' என்பர். ஆ நிறுவனத்திற்கு மிகுதிக் கட்டணத்துடன் 7,000 ரூபாய். இரண்டிற்கும் வேறுபாடு 2,800 ரூபாய் மட்டுமே. இந்த 2,800 ரூபாய், ஓர் இடைமாற்றத்தைக் குறைக்கிறது. வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. 90,000 ரூபாய்க்குப் பொறுப்பைப் பெற்றுத் தருகிறது. தாத்தா ஆ நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார். இ நிறுவனம் மிகவும் பாதுகாப்பானதே. எனினும் 38,000 ரூபாய் இரு பெட்டிகளுக்கு மட்டும் பொருந்தாது. வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் ஒரே வண்டியில் கொண்டு செல்வதாயின் அதுவே தக்க வழியாகும்.

காப்பீடு என்னும் சேம அச்சு

சங்க காலத்தில் உப்பு வணிகராகிய உமணர், மேடு பள்ளங்களில் வண்டியின் அச்சு முறியக்கூடும் எனக் கருதி, வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். இச்செய்தியைப் புறநானூறு கூறுகிறது. அச்சு முறிந்தே தீரும் என்று எண்ணி அவர்கள் புறப்படவில்லை. முறிந்தால் வழியில் நின்றுவிடக் கூடாது என்றே எண்ணினர்.

இக்காலச் சேம அச்சு காப்பீடு. நிறுவனம் ஏற்கும் பொறுப்பு வேறு. காப்பீட்டு நிறுவனம் தரும் பாதுகாப்பு வேறு. நிலத்தில் செல்லும் சரக்கிற்கான காப்பீடும் நம் நாட்டில் கடல்சார் காப்பீடு என்னும் பிரிவிலேயே அடங்கும். அதில் மூன்று வகை விதிகள் உள்ளன. 'ஏ' வகை, விலக்கப்பட்டவை தவிர ஏனைய எல்லா இடர்களையும் ஏற்கும். 'பி' வகை, தீ, மின்னல், வண்டி மோதுதல், கவிழ்தல் முதலிய குறித்த இடர்களை மட்டும் ஏற்கும். 'சி' வகை தீயையும் மின்னலையும் மட்டுமே ஏற்கும். கைதவறி விழுந்து கெடுவதே ஒலிபெருக்கிக்குப் பெரிய இடர் என்பதால், 'பி' வகையும் 'சி' வகையும் இதற்குப் போதா. 'ஏ' வகையிலும் போதிய அளவு பொதியாமையால் நேர்ந்த சேதத்திற்கு இழப்பீடு இல்லை. பழைய பொருள்களை எவ்விதி கொண்டு காப்பீடு செய்வர் என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

பொதிதல்

எத்துணைச் சிறந்த நிறுவனமாயினும், பொதிவு தளர்ந்திருந்தால் பொருளைக் காக்க இயலாது. ஒலிபெருக்கி வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியும் நுரைக்கட்டைகளும் இருந்தால் அவையே மிக நன்று. இல்லையெனில் பின்வரும் முறையைப் பின்பற்றலாம்.

1. அடியில் உள்ள கூர்முனைக் கால்களைக் கழற்றித் தனியே கட்டுதல்.
2. கூம்பின் முன் கெட்டியான அட்டையோ மெல்லிய பலகையோ அமைத்தல். அது கூம்பைத் தொடாதிருத்தல்.
3. மழைநீர் புகாதபடி நெகிழித் தாளால் முழுவதும் சுற்றுதல்.
4. ஆறு பக்கங்களிலும் கெட்டியான நுரை வைத்து, மூலைகளுக்குத் தனிக்காப்பு அமைத்தல்.
5. இரட்டை அடுக்கு அட்டைப் பெட்டியில் வைத்து, மரச்சட்டத்தால் சுற்றிக் கட்டுதல்.
6. அடியில் மரத்தட்டு பொருத்துதல். தட்டின் மேல் நிற்கும் பெட்டியைத் தள்ளுவண்டியால் நகர்த்தலாம். தூக்கி எறிய வேண்டிய தேவை நேராது.

பெட்டி செல்லும் வழியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மராத்தி எனப் பல மொழிகளைப் பேசும் சுமைப் பணியாளர்கள் அதனைக் கையாள்வர். ஒரு மொழியில் மட்டும் எழுதிய எச்சரிக்கை அனைவருக்கும் பயன்படாது. அதனாலேயே உலகப் பொதுவான படக்குறிகள் அமைந்துள்ளன. மேல்நோக்கிய இரு அம்புகள் 'இப்பக்கம் மேலே' என்பதையும், மதுக்கிண்ணம் 'எளிதில் உடையும்' என்பதையும், குடை 'நனையாமல் காக்க' என்பதையும் உணர்த்தும். பெட்டியின் எடையையும் பெரிய எண்களில் எழுதுதல் வேண்டும். 45 கிலோகிராம் என்று கண்டவர், தனியே தூக்க முற்படாமல் துணைக்கு ஒருவரை அழைப்பார். அது நம் பொருளை மட்டுமன்றி, தூக்குபவரின் முதுகையும் காக்கும்.

புறப்படும் முன் நான்கு பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கிற்குப் பொதுவாக மின்வழிச் சீட்டு வேண்டும். பயன்படுத்திய வீட்டுப் பொருளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே 'பயன்படுத்திய வீட்டுப் பொருள்' என்று ரசீதில் தெளிவாக எழுதச் செய்தல் நலம்.

பெறும் நாளில்

வண்டி வாசலுக்கு வந்ததும் கையெழுத்திட விரையக் கூடாது. முதலில் பெட்டிகளை எண்ண வேண்டும். மூலைகள் நசுங்கியுள்ளனவா, ஈரம் உள்ளதா, பெட்டி தலைகீழாக வந்துள்ளதா எனக் காண வேண்டும். குறை இருந்தால் ஒளிப்படம் எடுத்து, ஒப்படைப்புச் சீட்டிலேயே அக்குறையை எழுதி, அதன்பின் கையெழுத்திட வேண்டும். குறை ஏதும் எழுதாத சீட்டில் இட்ட கையெழுத்து, 'நல்ல நிலையில் பெற்றேன்' என்பதற்குச் சான்றாகிவிடும். அன்றே இரு ஒலிபெருக்கிகளையும் இணைத்து, குறைந்த ஒலியில் இயக்கிக் கேட்டுப் பார்த்தல் நன்று. உரசும் ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இழப்பீடு கோரி வழக்குத் தொடுப்பதற்கு முன், எழுத்து வடிவில் அறிவிப்புத் தருவது கட்டாயம். சரக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் அவ்வறிவிப்பு நிறுவனத்தைச் சேர வேண்டும். தொடர்வண்டிப் பார்சலுக்கு இக்கெடு ஆறு மாதம். தொலைபேசியில் பேசியதோ நேரில் முறையிட்டதோ இதற்கு ஈடாகாது. நிறுவனத்தின் கவனக்குறைவை மெய்ப்பிக்கும் கடமை சரக்கு அனுப்பியவருக்கு இல்லை என்று 2007 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பொருள் நல்ல நிலையில் சென்றது, கெட்ட நிலையில் வந்தது என்பதை நம் தாள்கள் காட்டினால் போதும். ஆகவே ரசீதும் ஒளிப்படமும் ஒப்படைப்புச் சீட்டும் பத்திரமாக இருத்தல் வேண்டும்.

இலக்கணம் அறிவோம்: உடைந்தது, உடைத்தது

அறிவிப்புக் கடிதம் எழுதுவதற்கு இலக்கண அறிவு துணைபுரியும். பின்வரும் தொடர்களை நோக்குக.

பெட்டி உடைந்தது.
பணியாளர் பெட்டியை உடைத்தார்.
பெட்டி உடைக்கப்பட்டது.

முதல் தொடர், பெட்டிக்கு நேர்ந்ததைக் கூறுகிறது, இது தன்வினை. இரண்டாம் தொடர், செய்தவர் இன்னார் என்று சுட்டுகிறது, இது பிறவினை. மூன்றாம் தொடர், ஒருவர் உடைத்தார் என்று குறிப்பால் உணர்த்தி, அவர் யாரெனக் கூறாது விடுகிறது, இது செயப்பாட்டுவினை. நாம் நேரில் காணாத செயலை 'உடைத்தார்' என்று எழுதுதல் முறையன்று. 'பெட்டியின் வலப்பக்க மூலை நசுங்கியிருந்தது. கூம்பு கிழிந்திருந்தது' எனக் கண்டதைக் கண்டவாறு எழுதுவதே நேர்மை. வலிமையும் அதற்கே உண்டு.

இவ்வாறே, நகர்ந்தது – நகர்த்தினார். கவிழ்ந்தது – கவிழ்த்தார். நனைந்தது – நனைத்தார். கிழிந்தது – கிழித்தார் எனவும் வரும்.

மாதிரிக் கடிதம்

நாகபுரி,
நாள்: ..........

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
.......... சரக்குப் போக்குவரத்து நிறுவனம்,
மதுரை.

ஐயா,

பொருள்: சேதமுற்ற சரக்கிற்கு இழப்பீடு கோருதல் – ரசீது எண் ..........

வணக்கம். மேற்காணும் ரசீதின்படி .......... அன்று மதுரையில் தங்களிடம் இரண்டு பெட்டிகள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் அறிவிக்கப்பட்ட மதிப்பு 90,000 ரூபாய். .......... அன்று நாகபுரியில் பெற்றபோது இரண்டாம் பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. உள்ளிருந்த ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்திருந்தது. இக்குறையை ஒப்படைப்புச் சீட்டில் குறித்துள்ளோம். ரசீதின் படியும் ஒளிப்படங்களும் பழுதுபார்ப்புச் செலவின் மதிப்பீடும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. உரிய இழப்பீட்டை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
..........

சொல்லும் பொருளும்

நிமித்தம் – காரணம்
பருமன் – பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
சரக்குந்து – லாரி
விலைப்புள்ளி – இன்ன வேலைக்கு இன்ன தொகை என எழுதித் தருவது
இடர் – துன்பம், கேடு
கெடு – வரையறுத்த கால எல்லை
சேமம் – பாதுகாப்பு
பொதிதல் – மூடிக் கட்டுதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வெளியே கீறல் இல்லாத ஒலிபெருக்கியும் பழுதாகலாம். ஏன்?
2. விமானத்தில் ஒலிபெருக்கியை அனுப்புவதில் உள்ள தனித்தடை யாது?
3. சேம அச்சு என்பது யாது? அதனைக் காப்பீட்டுடன் ஒப்பிடுவது ஏன்?
4. பெட்டியின் மீது சொற்களை விடப் படக்குறிகள் மிகுந்த பயன் தருவது எவ்வாறு?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. 100 செ.மீ. × 50 செ.மீ. × 60 செ.மீ. அளவும் 40 கிலோகிராம் எடையும் உடைய பெட்டிக்கு, 5,000 ஆல் வகுக்கும் முறையில் எத்தனை கிலோகிராமுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும்? 6,000 ஆல் வகுத்தால் எத்தனை?
2. கட்டணம் 2,500 ரூபாய். அறிவித்த மதிப்பு 18,000 ரூபாய். மிகுதிக் கட்டணம் செலுத்தவில்லை. நிறுவனத்தின் பொறுப்பு வரம்பு எவ்வளவு?

இ. தன்வினையைப் பிறவினையாக மாற்றி எழுதுக.
1. வண்டி கவிழ்ந்தது.
2. தாள் கிழிந்தது.
3. மரத்தட்டு நகர்ந்தது.

ஈ. வகுப்பில் கலந்துரையாடுக.
1. ஒரு நண்பர், "பழைய ஒலிபெருக்கிதானே! குறைந்த விலையில் அனுப்பினால் போதும்" என்கிறார். பொருளின் சந்தை மதிப்பும் அதனை உடையவர் கருதும் மதிப்பும் வேறுபடும்போது முடிவு எடுப்பது எவ்வாறு?
2. 'நம்பிக்கை' – 'ஒப்பந்தம்' ஆகிய இரண்டும் எவ்விடங்களில் ஒன்றுக்கொன்று துணைசெய்கின்றன?

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் உள்ள பழைய லாரி ரசீது, பார்சல் ரசீது அல்லது கூரியர் சீட்டு ஒன்றைப் பெற்றோரின் இசைவுடன் எடுத்துக்கொள்க. அதில் எடை, மதிப்பு, கட்டணம், பொறுப்பு பற்றிய வரிகள் எங்கு உள்ளன எனக் கண்டறிக. பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டுள்ள விதிகளுள் ஒன்றைத் தமிழில் எழுதி, பெற்றோருக்குப் படித்துக் காட்டுக.